பபிள் டீ வீட்டில் போட: முத்து உருட்டுவதிலிருந்து குலுக்குவது வரை

தைவானில் சின்சு நகரத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருந்த வருடங்களில், ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கும் பையன்களுக்கும் பெண்களுக்கும் விடுதிச் சமையலறையில் பபிள் டீ போடச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஐஸ் போட்டுக் குலுக்கிய பால் தேநீர், அடியில் ‘முத்து’ என்கிற மரவள்ளி மாவுருண்டைகள், அதுதான் பபிள் டீ. தெருமுனையிலேயே கடை இருக்கும்போது இது எதற்கு என்று எல்லாரும் கேட்பார்கள். சின்சுவில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும் ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் வெளியே போக யாருக்கும் மனசு வராது, அதுதான் காரணம்.

ஏறக்குறைய எல்லாரும் அதே நாலைந்து இடத்தில்தான் சறுக்கினார்கள். அந்த இடங்களில் கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்கிறேன். சுலபமான இடங்களை வேகமாகத் தாண்டிவிடுவேன்.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள். வெந்து இறங்கிய முத்துக்கு ஆயுசு நாலு மணி நேரம். ஆகவே டீ, பால், ஐஸ் எல்லாம் முத்துக்கு முன்னால் தயாராக இருக்க வேண்டும். புதியவர்கள் ஆசையில் முத்தை முதலில் உருட்டி வேகவைத்துவிட்டு, அப்புறம் டீ ஆறட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். டீ ஆறுவதற்குள் முத்து இறுகிவிடும்.

## 1. பெயரில் இருக்கும் இரண்டு வேலை

வரலாறு நமக்கு இரண்டு பத்தி போதும், அதுவும் செய்முறைக்கு உதவுகிற அளவுக்கு. ‘பபிள்’ என்ற பெயர் முத்தால் வந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். தைவானில் முத்து சேருவதற்கு முன்பே, கறுப்புத் தேநீரை ஐஸோடு குலுக்கி நுரை பொங்க ஊற்றிக் கொடுக்கும் கடைகள் இருந்தன. அதற்கு ‘பாவ்மோ ஹோங்ச்சா’ என்று பெயர். நுரைத் தேநீர் என்று அர்த்தம். குமிழ் என்பது அந்த நுரைதான். எனவே குலுக்குவதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

முத்து சேர்ந்தது 1980களில். ‘ஃபென்யுவான்’ என்ற மாவுருண்டையைத் தைவானில் அதற்கு முன்பே ஐஸும் பாகும் விட்டுச் சாப்பிட்டு வந்தார்கள். அதை முதலில் டீயில் போட்டது யார் என்று தைச்சுங் நகரின் சுன் ஷுய் தாங் கடையும் தைனான் நகரின் ஹான்லின் கடையும் பத்து வருடம் நீதிமன்றத்தில் மோதின. இது காப்புரிமை பெற்ற பண்டம் அல்ல, யார் வேண்டுமானாலும் போடலாம், ஆகையால் முதலில் போட்டவர் யார் என்று தீர்மானிக்கத் தேவையில்லை என்று 2019-ல் முடிவானது. ஆக, நீங்களும் போடலாம். தைவானில் இதைக் கேட்டு வாங்கும் பெயர் ‘ஜென்ஜு நைச்சா’, முத்துப் பால் தேநீர்.

## 2. சாமான்களும் அளவும்

நாலு பெரிய டம்ளருக்கு:

முத்துக்கு மரவள்ளி ஸ்டார்ச் 130 கிராம், அடர்நிறச் சர்க்கரை 60 கிராம், தண்ணீர் 75 மி.லி. பாகுக்கு அதே சர்க்கரை 100 கிராம், தண்ணீர் 60 மி.லி. டீக்கு இலைத் தேயிலை 24 கிராம், தண்ணீர் 800 மி.லி. பால் 400 மி.லி. ஐஸ் ஒரு தட்டு நிறைய.

இதில் சறுக்கல் வருவது மாவில்தான். நமக்குத் தேவை மரவள்ளிக்கிழங்கைப் பிழிந்து, பாலைத் தெளியவைத்து எடுத்த வெறும் ஸ்டார்ச். கிழங்கைக் காயவைத்து அப்படியே அரைத்த மரவள்ளி மாவு வேறு. அதில் நார் இருக்கும். முத்து கண்ணாடி போல வராது, மெல்லும்போது மொறமொறவென்று தட்டுப்படும். சரியான மாவை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும்.

தைவானில் இன்னொரு குழப்பம் உண்டு. கடை அலமாரியில் சர்க்கரைவள்ளி மாவான ‘திகுவாஃபென்’ பக்கத்திலேயே இருக்கும். கோழி பொரிக்க மேலே தூவும் கொரகொரப்பான மாவு அது. எங்கள் விடுதியில் ஒரு தம்பி அதை வாங்கி வந்து ஒரு மணி நேரம் பிசைந்தான். கடைசியில் அன்றைக்குச் சாயங்காலம் பொரித்த கோழி சாப்பிட்டோம், அதுவும் நன்றாகத்தான் இருந்தது. பாக்கெட்டில் ‘முஷுஃபென்’ அல்லது ‘ஷுஷுஃபென்’ என்று போட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

சோளமாவு உதவாது. வெந்தால் அது வெட்டினாற்போல் உடைந்துவிடும். மரவள்ளி ஸ்டார்ச் இழுபடும். அந்த இழுபட்டு எம்பும் மெல்லலுக்குத் தைவான்காரர்கள் ‘கியூ’ என்கிறார்கள். நன்றாக வந்திருந்தால் ‘கியூ கியூ’ என்று இரண்டு தடவை சொல்வார்கள்.

ஜவ்வரிசியை மிக்சியில் பொடித்து எடுக்கலாமா என்று தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கண்டிப்பாகக் கேட்பார்கள். இரண்டும் ஒரே கிழங்குதானே என்பது நியாயமான கேள்வி. சேலத்துப் பக்கம் ஆலைகளில் ஈர ஸ்டார்ச்சை உருட்டி, சூடான தட்டில் வறுத்தோ ஆவியில் அவித்தோ பிறகு வெயிலில் காயவைக்கிறார்கள். அந்தச் சூட்டிலேயே ஜவ்வரிசி பாதி வெந்துவிட்டது. வெந்த மாவைப் பொடித்தால் அது தண்ணீரைக் கண்டபடி குடிக்கும், கீழே சொல்லும் அளவு எதுவும் பொருந்தாது.

சர்க்கரைக்குத் தைவானில் ‘ஹேய்தாங்’ என்ற கறுப்புச் சர்க்கரை. சுத்திகரிக்காத கரும்புச் சர்க்கரைதான், நம் நாட்டுச் சர்க்கரைக்கு ஒன்றுவிட்ட தம்பி. நாட்டுச் சர்க்கரை தாராளமாகப் போடலாம். வெல்லம் என்றால் கரைத்து வடிகட்டிவிடுங்கள்; பல்லில் மண் கடிபட்டால் நாள் முழுக்க மறக்காது. வெள்ளைச் சர்க்கரை போட்டாலும் முத்து வரும், வெளிறிப்போய் வாசனையில்லாமல்.

தேயிலைக்கு இலங்கைத் தேயிலையோ அஸ்ஸாம் இலையோ போதும். நான்டோ மாவட்டத்தின் சூரிய சந்திர ஏரிப் பக்கம் விளையும் ‘தைச்சா 18’ என்ற கறுப்புத் தேயிலையை ஒருவர் இதற்காகவே வாங்கி வந்தார். அதன் புதினா கலந்த மாதிரியான வாசனை, பாலும் கறுப்புச் சர்க்கரையும் சேர்ந்ததும் காணாமல் போய்விட்டது. அதை வெறுமனே குடியுங்கள்.

இவை போக ஒரு எடைத் தராசு, இறுக்கமாக மூடும் பெரிய ஜாடி, சல்லடை. தராசு இல்லாமல் கண் அளவில் முத்து மாவு பிசைய முயல வேண்டாம். 10 மி.லி. தண்ணீர் கூடினாலே மாவு கையில் நிற்காது.

## 3. வேலை வரிசை

நாலேகால் மணிக்குக் குடிக்க வேண்டும் என்றால் இரண்டு மணிக்கு டீ இறக்குங்கள். இரண்டரைக்கு மாவு பிசையலாம். மூன்றேகால் வரைக்கும் உருட்டல். மூன்று இருபதுக்கு முத்து தண்ணீரில் விழ வேண்டும். மூன்றே முக்காலுக்கு அடுப்பை அணைத்து மூடி வைத்தால், நாலு ஐந்துக்கு வடிக்கலாம். அந்த இருபது நிமிடத்தில்தான் பாகு காய்ச்சுவது. கடைசிப் பத்து நிமிடம் முத்து பாகில் ஊறும்.

முதல் தடவை உருட்டுவதற்கு இன்னும் ஒரு அரைமணி கூட்டிக்கொள்ளுங்கள். கூடவே உட்கார ஆள் இருந்தால் நல்லது. சீடை உருட்டுவது மாதிரி இது பேசிக்கொண்டே செய்கிற வேலை.

## 4. டீ: கொதிக்கவிடாமல், கெட்டியாக

நம் வீட்டுப் பழக்கம் பாலையும் தூளையும் சேர்த்துக் கொதிக்கவிடுவது. இங்கே அது ஆகாது. காய்ச்சிய பால் ஆறும்போது ஆடை கட்டும். ஐஸ் போட்டுக் குலுக்கினால் அந்த ஆடை துண்டு துண்டாக மிதந்து ஸ்ட்ராவில் வந்து அடைக்கும்.

தண்ணீரை மட்டும் கொதிக்கவைத்து அடுப்பை அணையுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் தேயிலையைப் போட்டு மூடிவையுங்கள். முழு இலை என்றால் எட்டு நிமிடம். உருண்டை உருண்டையாக இருக்கும் சிடிசி தூள்தான் கையில் இருக்கிறது என்றால் 18 கிராம் போட்டு நாலு நிமிடத்தில் வடித்துவிடுங்கள். சிடிசி சீக்கிரம் இறங்கும், சீக்கிரம் கசக்கும்.

வடித்ததும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். சூடாக இருக்கும்போது “இது ரொம்ப ஸ்ட்ராங்” என்று தோன்ற வேண்டும். இன்னும் பாலும் உருகும் ஐஸும் இதில் சேரப்போகிறது. இப்போதே நாக்குக்குச் சரியாக இருந்தால், டம்ளரில் அது டீ வாசனை அடிக்கும் தண்ணீர்.

வடிகட்டியில் தங்கும் இலையைக் கரண்டியால் அழுத்திப் பிழியாதீர்கள். கடைசியில் பிழிந்து வரும் சாற்றில்தான் துவர்ப்பு எல்லாம் இருக்கிறது.

டீக்குச் சர்க்கரை போடுவதாக இருந்தால் சூட்டிலேயே போட்டுக் கரையுங்கள். குளிர்ந்த டீயில் சர்க்கரை அடியில் மணலாகத் தங்கும். குளிர்ச்சியில் இனிப்பு மட்டாகத் தெரியும் என்பதால் சூட்டில் ஒரு சிட்டிகை தூக்கலாகவே இருக்கட்டும். ஆனால் முத்தோடு வரும் பாகையும் கணக்கில் வையுங்கள். நான் டம்ளருக்கு ஒரு டீஸ்பூனோடு நிறுத்திவிடுவேன். தைவான் கடையில் ‘பான்தாங்’, அதாவது அரை இனிப்பு, என்று கேட்டு வாங்கும் பதம் ஏறக்குறைய இதுதான்.

பிறகு பாத்திரத்தைத் தண்ணீரில் உட்காரவைத்து ஆறவிடுங்கள். ஆறும்போது டீ கலங்கலாகத் தெரிந்தால் பதற வேண்டாம். கெட்டியான டீயில் உள்ள காஃபீனும் துவர்ப்புப் பொருளும் குளிர்ச்சியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வருவது அது. பால் விட்டதும் தெரியாது.

## 5. மாவு: இந்த இடத்தில்தான் பாதிப் பேர் கைவிடுகிறார்கள்

மரவள்ளி ஸ்டார்ச்சைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்து பாருங்கள், ஒரு வேடிக்கை தெரியும். கையில் இறுக்கிப் பிடித்தால் கல் மாதிரி இருக்கும். பிடியைத் தளர்த்தினால் அப்படியே உருகி விரலிடுக்கில் வழிந்து ஓடும். கோதுமை மாவு போல இதைப் பிடித்துவைக்கும் பசை இதில் கிடையாது. நாம்தான் அந்தப் பசையை உண்டாக்க வேண்டும்.

எப்படி? மாவில் ஒரு பங்கை மட்டும் வேகவைத்து. சுமார் 65 டிகிரி சூட்டில் ஸ்டார்ச் தண்ணீரைக் குடித்து வீங்கிக் கஞ்சியாகிறது. அந்தக் கஞ்சி, மிச்சமுள்ள பச்சை மாவை ஒட்டவைக்கும். கொழுக்கட்டைக்கு வெந்நீர் விட்டு மாவு பிசைகிறோமே, அதே காரணம்.

130 கிராமில் 15 கிராமைத் தனியே எடுத்துவையுங்கள், மேலே தூவ. மீதியை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கைத் தனியாக வையுங்கள்.

சின்னப் பாத்திரத்தில் 75 மி.லி. தண்ணீரும் 60 கிராம் சர்க்கரையும் போட்டுக் கரைய விட்டு, தளதளவென்று கொதி வரும்வரை காத்திருங்கள். ஓரத்தில் குமிழ் வந்தால் போதாது, நடுவிலும் பொங்க வேண்டும். அதே சமயம் கொதி வந்த பிறகு நின்று வேடிக்கை பார்த்தால் தண்ணீர் ஆவியாகி அளவு குறைந்துவிடும்.

கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, அந்த ஒரு பங்கு மாவைக் கொட்டி வேகமாகக் கிளறுங்கள். பத்து விநாடியில் கண்ணாடி மாதிரி பழுப்புக் கூழாகும். உடனே மிச்சம் இரண்டு பங்கையும் கொட்டிக் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூடு வந்ததும் பலகையில் போட்டுப் பிசையுங்கள். முதல் நிமிடம் திட்டுத்திட்டாக, ஒன்றுக்கும் ஆகாது போலத் தெரியும். விடாமல் பிசைந்தால் மூன்றாவது நிமிடத்தில் வழவழப்பாகச் சேர்ந்து வரும்.

தவறு எங்கே நடக்கிறது என்று பார்ப்போம். கையில் வழிந்து ஓடுகிறது என்றால் தண்ணீர் சரியாகக் கொதிக்கவில்லை, பசை உண்டாகவில்லை. அதற்காக மேலும் மேலும் மாவு கொட்டாதீர்கள். ஒரு எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி, சின்னத் தீயில் பாத்திரத்தில் வைத்துக் கூழாகக் கிளறி, மீதியோடு சேர்த்துப் பிசையுங்கள், சரியாகிவிடும். மாறாக ரப்பர் மாதிரி இழுபட்டு உருட்ட வரவில்லை என்றால் அடுப்பை அணைக்காமல் எல்லா மாவையும் வேகவைத்துவிட்டீர்கள். அதற்கு மருந்து இல்லை, திரும்ப ஆரம்பியுங்கள். வெடிப்பு விட்டால் காய்ந்துவிட்டது. கையை வெந்நீரில் நனைத்துக்கொண்டு பிசைந்தால் கூடிவரும்.

## 6. உருட்டுவது

மாவை நாலாக வெட்டி, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஈரத் துணியால் மூடுங்கள். திறந்துவைத்தால் பத்து நிமிடத்தில் மேல்தோல் காய்ந்து, உருட்டும்போது வெடிக்கும்.

பென்சில் கனத்துக்குத் திரித்து, 8 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, உள்ளங்கையில் ஒவ்வொன்றாக உருட்டுங்கள். வெந்தால் பெருக்கும். பபிள் டீக்கென்று விற்கும் பருத்த ஸ்ட்ராவின் வாயே 12 மில்லிமீட்டர்தான் என்பது நினைவிருக்கட்டும். பச்சையாகவே கோலிக்குண்டு அளவு உருட்டினால் ஸ்ட்ராவில் ஏறாது, நடுவும் வேகாது. எல்லாம் ஒரே அளவாக இருப்பது அழகுக்காக அல்ல. சின்னது கரைய ஆரம்பிக்கும்போது பெரியது இன்னும் உள்ளே வெள்ளையாக இருக்கும்.

உருட்டியதை எடுத்துவைத்த ஸ்டார்ச்சில் புரட்டிப் போடுங்கள். இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும். வேகப்போடுவதற்கு முன் சல்லடையில் போட்டு மிச்ச மாவை உதறிவிடுங்கள். உதறாமல் போட்டால் தண்ணீர் கஞ்சியாகி அடி பிடிக்கும்.

இந்த நிலையில் முத்தை ஃபிரீசரில் வைக்கலாம். தட்டில் பரப்பி உறையவைத்துப் பிறகு பையில் போட்டால் ஒரு மாதம் நிற்கும். வேகவைக்கும்போது உருகவிடாமல் நேராகக் கொதிநீரில் போட வேண்டும்.

## 7. வேகவைப்பது

பெரிய பாத்திரத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர். கஞ்சத்தனம் வேண்டாம். தண்ணீர் குறைவாக இருந்தால் முத்து விழுந்ததும் கொதி அடங்கிவிடும். கொதி அடங்கிய தண்ணீரில் முத்தின் மேல்தோல் வேகாமல் கரையும்.

தளதளவென்று கொதிக்கும்போது முத்தைத் தூவி, உடனே அடியில் ஒட்டாமல் இதமாகக் கிளறுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மேலே மிதக்கும். மிதந்தால் வெந்துவிட்டது என்று எடுத்துவிடுகிறார்கள், பால் கொழுக்கட்டைப் பழக்கம். இங்கே மிதப்பது ஆரம்பம்தான். தீயைக் குறைத்து, பாதி மூடி 25 நிமிடம் விடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கிளறினால் போதும்.

அப்புறம் அடுப்பை அணைத்து இறுக மூடி 20 நிமிடம். இந்த இருபது நிமிடத்தைத்தான் அவசரத்தில் எல்லாரும் வெட்டுகிறார்கள். கொதித்துக்கொண்டே இருந்தால் வெளிப்பக்கம் கரைந்து கூழாகும். கொதியை நிறுத்திச் சூட்டை மட்டும் வைத்திருந்தால் அது மெல்ல நடுவரை போய்ச் சேரும், தோலும் தாங்கும்.

ஒன்றைக் கத்தியால் பாதியாக வெட்டிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம். முழுக்கக் கண்ணாடியாகத் தெரிந்தால் வடிக்கலாம்.

வேகும் தண்ணீரில் சர்க்கரை போடாதீர்கள். சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் பிடித்துவைத்துக்கொள்ளும். ஸ்டார்ச் வீங்கத் தண்ணீர் கிடைக்காமல் முத்து நடுவில் கல்லாக நின்றுவிடும்.

வடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் பத்துப் பதினைந்து விநாடி அலசுங்கள். மேலே படிந்த கஞ்சி போகும், தோல் இறுகி எம்பும். அதற்குமேல் தண்ணீரில் விட்டுவைத்தால் ஊறி வழுக்கும்.

## 8. பாகு

முத்து மூடியிருக்கும் நேரத்தில் 100 கிராம் சர்க்கரையை 60 மி.லி. தண்ணீரில் கொதிக்கவிட்டு, விரலில் தொட்டால் ஒட்டும் பிசுக்குப் பதத்தில் இறக்குங்கள். கம்பிப் பதத்துக்குப் போய்விட்டால் ஐஸில் பட்டதும் இறுகி டம்ளர் அடியில் மிட்டாயாகிவிடும்.

வடித்த முத்தைச் சூடாக இருக்கும் பாகில் போட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். பாகு இல்லாத முத்துக்கு ருசி கிடையாது, வெறும் மாவு. பாகு இன்னொரு வேலையும் செய்கிறது: முத்துக்கள் ஒட்டிக்கொள்ளாமலும் காயாமலும் பார்த்துக்கொள்ளும். நாங்கள் ரைஸ் குக்கரில் ‘வார்ம்’ போட்டு அதில் வைத்திருப்போம். நாலு மணி நேரக் கணக்கு அதற்கும் சேர்த்துத்தான்.

## 9. பாலா, பவுடரா

தைவானின் பழைய மாதிரிக் கடைகளில் போடுவது பெரும்பாலும் ‘நைஜிங்’ என்ற கிரீமர் பவுடர். தாவரக் கொழுப்பும் குளுக்கோஸ் சிரப் பொடியும் சேர்ந்தது. டீயின் துவர்ப்பை அது பால் அளவுக்கு அமுக்காது. ருசி கொழகொழவென்று நாக்கில் நிற்கும். அதைப் போடுவதாக இருந்தால் டம்ளருக்கு 20 கிராம், டீ சூடாக இருக்கும்போதே கரைத்துவிடுங்கள். குளிர்ந்த டீயில் கட்டி தட்டும். பால் இல்லாதது என்று சொன்னாலும் பலவற்றில் பாலிலிருந்து எடுத்த கேசினேட் இருக்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கட்டும். முத்தில் ஜெலட்டின் கிடையாது, சைவர்கள் கவலைப்பட வேண்டாம்.

எனக்குப் பால்தான் பிடிக்கும். கொழுப்பு எடுக்காத பாலை, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு, ஆறிய டீயில் சேருங்கள். வெல்லப் பாகு பயன்படுத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: சூடான பாலும் வெல்லமும் சேர்ந்தால் திரிந்துவிடும், பாயசத்தில் பார்த்திருப்பீர்கள். இரண்டில் ஒன்றாவது குளிர்ந்திருந்தால் ஆபத்து குறைவு.

## 10. குலுக்கி ஊற்றுவது

ஜாடியில் ஒரு டம்ளருக்கு 180 மி.லி. டீ, 100 மி.லி. பால், ஐந்தாறு ஐஸ் கட்டி. மூடியை இறுக்கி, மூடிமேல் ஒரு கையை வைத்து, 20 விநாடி வேகமாகக் குலுக்குங்கள். ஜாடி வெளிப்பக்கம் வியர்த்து, கை குளிரில் விறைக்க ஆரம்பித்தால் போதும்.

டீ சூடாக இருக்கும்போது மூடிக் குலுக்காதீர்கள். உள்ளே காற்று சூட்டில் விரிந்து மூடியைத் தள்ளும். என் முதல் ஜாடி சுவரில் விட்ட பழுப்புக் கறை நான் அறையைக் காலி செய்யும் வரை அங்கேயே இருந்தது.

டம்ளரில் முதலில் இரண்டு மூன்று கரண்டி முத்து, பாகோடு. டம்ளரைச் சாய்த்துச் சுற்றினால் பாகு உள்சுவரில் வரி வரியாக இறங்கும். பிறகு ஜாடியிலிருந்து உயரத் தூக்கி ஊற்றுங்கள், நுரை மேலே நிற்கும். முத்தை ஜாடியில் சேர்த்துக் குலுக்க வேண்டாம், ஐஸில் அடிபட்டு இறுகும்.

சூடு முத்தும் குளிர்ந்த டீயும் ஒன்றாக வாயில் வரும் முதல் ஐந்து நிமிடம்தான் இதன் நல்ல நேரம். படம் எடுப்பவர்கள் சீக்கிரம் எடுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்ட்ராவில் கொடுக்காதீர்கள். உறிஞ்சும் வேகத்தில் முத்து நேராகத் தொண்டைக்குப் போகும். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் முத்தைக் கிண்ணத்தில் போட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, ஸ்பூனால் மென்று சாப்பிடச் சொல்லுங்கள். நாலு வயதுக்குக் கீழ் என்றால் முத்தே வேண்டாம்.

## 11. பாக்கெட் முத்து வாங்கினால்

உருட்டப் பொறுமை இல்லாதவர்கள் பாக்கெட் முத்து வாங்கலாம், தப்பில்லை. அதில் ஒரே ஒரு பெரிய சறுக்கல்தான், அதிலும் நானே முதல் ஆள். தைவான் போன முதல் மாதம், கால் கிலோ முத்தை ஜவ்வரிசி மாதிரி ராத்திரி ஊறப்போட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால் முத்தைக் காணோம். பாத்திரத்தின் அடியில் பழுப்பு வண்டல், மேலே தெளிந்த தண்ணீர்.

ஜவ்வரிசி ஆலையிலேயே சூடு பட்டது, ஆகவே ஊறும். பச்சை முத்து சூடே காணாதது, ஆகவே குளிர்ந்த தண்ணீரில் கரைந்து மாவாகவே திரும்பிப் போய்விடும். ஊறவைக்காதீர்கள், கழுவவும் கழுவாதீர்கள். பாக்கெட்டைப் பிரித்து நேராகக் கொதிநீரில்.

நேரத்துக்கு பாக்கெட்டில் போட்டிருப்பதைப் பின்பற்றுங்கள். ஐந்து நிமிட முத்து என்று விற்பது முன்பே பாதி வேகவைத்துப் பதப்படுத்தியது. அதை 25 நிமிடம் வேகவைத்தால் கூழ்தான் மிஞ்சும். சாதாரண முத்துக்கு அரைமணி வேகல், அரைமணி மூடல் என்றுகூட இருக்கும்.

## 12. மிச்சமானால்

வெந்த முத்தை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வீங்கி விரிந்த ஸ்டார்ச் குளிரில் மறுபடி நெருங்கி இறுகும், பழைய சோறு ஃபிரிட்ஜில் விறைப்பது போல. ஃபிரிட்ஜின் நாலைந்து டிகிரிக் குளிரில்தான் இது மிக வேகமாக நடக்கிறது. அப்படி ஆகிவிட்டால் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுங்கள். கொஞ்சம் இளகும், பழைய கியூ திரும்பாது. வெளியில் நாலு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததை ருசி பார்க்கக்கூட வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

டீயும் பாகும் அப்படி இல்லை. பால் சேர்க்காத டீ ஃபிரிட்ஜில் மறுநாள் வரை தாங்கும், பாகு இரண்டு வாரம் நிற்கும். அதனால் ஆள் குறைவாக இருந்தால் முத்தைப் பாதி மட்டும் வேகவைத்து, மீதியைப் பச்சையாகவே ஃபிரீசரில் போட்டுவிடுங்கள். அடுத்த வாரம் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

வேகவைத்த பாத்திரத்தை உடனே தண்ணீர் ஊற்றி வையுங்கள். காய்ந்த ஸ்டார்ச்சைச் சுரண்டுவது தனி வேலை, அதற்கு யாரும் உதவிக்கு வர மாட்டார்கள்.